வேட்பாளர் ஒருவருக்கு எவ்வளவு இடம்?

1996ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சி என்ற ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில், ஊர்வலம் போவதற்குப் பதிலாக வேட்புமனு போட்டார்கள். அப்போது சட்டமன்றத் தொகுதிக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. எல்லோரும் முழுத்தொகை கட்டியிருந்தாலும் மொத்தம் 2,58,250 ரூபாய். தேர்தல் ஏற்பாட்டையே திணறடிக்க அவ்வளவு போதும்.

வேட்பாளர் என்றதும் நமக்குத் திறந்த ஜீப்பும் மாலையும் கூப்பிய கைகளும் நினைவுக்கு வரும். தேர்தலை நடத்தும் அலுவலருக்கோ அவர் வாக்குச்சீட்டில் ஒரு வரி. பெயரும் சின்னமும் அச்சிட இத்தனை அங்குலம் காகிதம், அவ்வளவுதான். பத்துப் பேர் நின்றால் சீட்டு கைக்குள் அடங்கும். மொடக்குறிச்சியில் அது புத்தகமாகிவிட்டது. வாக்காளர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் ஆளைக் கண்டுபிடித்து முத்திரை குத்த வேண்டும். வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஒரு புத்தகம். எண்ணுகிறவர்களும் ஒவ்வொன்றையும் புரட்டி முத்திரை எங்கே விழுந்திருக்கிறது என்று தேடியாக வேண்டும்.

வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது பட்டியலின் அடிப்பகுதி. 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 158 பேருக்குத் தலா ஒன்று. சொந்த வாக்கு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். சட்டமன்றத்துக்கு நிற்பவர் அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளராக இருந்தால் போதும், நிற்கிற தொகுதியிலேயே வாக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை முன்மொழிபவர் அதே தொகுதியின் வாக்காளராக இருந்தாக வேண்டும். ஆகவே அந்த 88 பேருக்கும் அவர்களை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரின் வாக்குகூடச் செல்லுபடியாக வந்து சேரவில்லை. மனுப் போட்டதே எதிர்ப்பைக் காட்டத்தான், வாக்கு வேறு காரியத்துக்கு என்று ஊரே பிரித்து வைத்திருந்திருக்கிறது.

அதே 1996இல் மக்களவைக்கு ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். ஃபுளோரைடு கலந்த குடிநீரால் எலும்பு வளைந்த ஊர்களின் கோபம் அது. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2009இல் செய்த திருத்தம் அதைப் பத்தாயிரமாக்கியது. 1996 திருத்தத்திலேயே, சுயேச்சைகளுக்கும் அங்கீகாரமில்லாத கட்சியினருக்கும் ஒருவர் முன்மொழிந்தால் போதாது, பத்துப் பேர் வேண்டும் என்றும் ஆயிற்று.

டெபாசிட்டில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கை ஒருவர் தாண்டாவிட்டால் டெபாசிட் காலி. ஆறில் ஒன்றுக்கு மேல் என்பது ஒரே நேரத்தில் ஆறு பேருக்குச் சாத்தியமில்லை, கூட்டினால் முழுமையை மிஞ்சிவிடும். ஆகவே எத்தனை பேர் நின்றாலும் அப்படித் தப்பிக்கக்கூடியவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர். வாக்குகள் சிதறி, வென்றவரே ஆறில் ஒன்றைத் தொடாமல் போனாலும் அவருக்குப் பணம் திரும்பி வந்துவிடும். வெற்றிக்கு மட்டும் விதிவிலக்கு.

காகிதம் போய் இயந்திரம் வந்ததும் வேட்பாளருக்கான இடத்தை அளக்கும் கோலும் மாறியது. இயந்திரம் முதன்முதலில் களம் கண்டதும் ஒரு சட்டமன்றத் தொகுதியில்தான்: 1982 மே மாதம், கேரளத்தின் பறவூர், 50 வாக்குச்சாவடிகள். 123 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது; தோற்றவர் வழக்குப் போட்டார். வாக்குச்சீட்டு என்று சொல்லும் சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட, அந்தச் சாவடிகளில் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது. முன்பு தோற்றவர் ஜெயித்தார். பிறகு சட்டத்தையே திருத்தி இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். அதைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பொறியாளர் எஸ்.ரங்கராஜன். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா.

வாக்காளர் அழுத்தும் பெட்டியான பேலட் யூனிட்டில் 16 பொத்தான்கள். அதிலிருந்து ஒரு கம்பி வாக்குச்சாவடி அலுவலரின் மேசையிலுள்ள கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிறது. அந்தக் கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கட்சி தெரியாது, பெயர் தெரியாது. ஏழாம் எண்ணில் ஒரு வாக்கு, மூன்றாம் எண்ணில் ஒரு வாக்கு என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஏழு யார் என்பது பொத்தானுக்குப் பக்கத்தில் செருகிய அச்சுத்தாளில் இருக்கிறது. மனு வாபஸ் நாள் முடியும்வரை ஏழு யார் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. (ஒப்புகைச் சீட்டு அச்சிடும் விவிபேட் வந்தபின், அதற்குள் மட்டும் பெயரையும் சின்னத்தையும் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. இயந்திரத்தைச் சந்தேகிப்பவர்கள் இந்த இடத்தைத்தான் சுட்டுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.)

பதினாறு போதவில்லை என்றால் பெட்டிகளை அடுத்தடுத்து இணைக்கலாம். பழைய இயந்திரங்களில் நான்கு பெட்டிவரை, அதாவது 64 வரிசை. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். நோட்டாவோடு 78, ஆகவே ஐந்து பெட்டிகள். இப்போதைய எம்3 வகை 24 பெட்டிகளை ஏற்கும்: 384 வரிசை. அதில் ஒன்று நோட்டாவுக்கு. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் அந்தத் திறன் சோதிக்கப்பட்டது. மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை கேட்டு விவசாயிகள் மொத்தமாக மனுப் போட, 185 பேர் களத்தில் நின்றார்கள். சாவடிக்குப் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஈரோட்டைப் போலவே நிஜாமாபாத்தும் மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஊர். மஞ்சள் விலைக்கும் வாக்குச்சீட்டின் நீளத்துக்கும் இப்படியொரு உறவு இருக்கிறது.

சரி, வரிசையில் எந்த இடம் கிடைக்கிறது என்பதால் ஏதாவது லாபமுண்டா? அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் பெயர் வரிசையைச் சுழற்றி அச்சிடுவார்கள். அதனால் ஒரே வேட்பாளர் சில இடங்களில் முதலாவதாகவும் சில இடங்களில் கடைசியாகவும் வருவார். ஆராய்ச்சியாளருக்கு வலிய வந்த சோதனைச்சாலை. ஜோஆன் மில்லரும் ஜான் க்ராஸ்னிக்கும் அங்கே 1992 தேர்தல் முடிவுகளைப் பிரித்துப் பார்த்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் போட்டிகளில் இடத்தின் தாக்கம் தெரிந்தது. முதலில் நின்றவருக்குச் சராசரியாக இரண்டரை சதவீதப் புள்ளி கூடுதல். பிரபலங்கள் மோதும்போது தாக்கம் மங்கும், வாக்காளருக்கு யாரையும் தெரியாத பதவிகளில் ஓங்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநில சட்டசபைத் தேர்தலில் பல ஆண்டுகளாகவே ஒரு தொகுதிக்குள்ளேயே பலவிதப் பெயர் வரிசைகளில் வாக்குச்சீட்டை அச்சிடுகிறார்கள். அந்த முறையைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரால் அது ராப்சன் சுழற்சி எனப்படுகிறது.

நம் நாட்டில் சுழற்சி இல்லை. 1996 திருத்தம் வேட்பாளர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தது: முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சியினர், அடுத்து வெறுமனே பதிவான கட்சியினர், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் அகர வரிசை. முதலிடம் பிடிப்பதற்காகவே ஒருவர் பெயரை அகரத்தில் தொடங்க மாற்றிக்கொண்டு சுயேச்சையாக நின்றாலும் பட்டியலின் உச்சிக்கு இனிப் போக முடியாது. சுழற்சியை இங்கே கொண்டுவந்தால் நல்லதா என்றால், எனக்குத் தயக்கம்தான். தொகுதி முழுக்க ஏழாம் எண் ஒரே ஆள் என்பதில்தான் நம் இயந்திரத்தின் எளிமையே இருக்கிறது. வரிசை எண்ணைச் சொல்லி வாக்குக் கேட்பதும் அதை நம்பித்தான். ஓஹையோவில் இல்லாத சின்னம் என்ற கைவிளக்கும் நம்மிடம் இருக்கிறது. எழுத்தே தெரியாதவரும் தன் ஆளைச் சின்னத்தால் கண்டுகொள்வார்.

ஆனால் அகர வரிசை இன்னொரு வாசலைத் திறந்து வைக்கிறது. ஒரே பெயர்க்காரர்களை, ஒரே கூட்டத்தில் இருந்தால், அது அடுத்தடுத்து உட்கார வைத்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, பட்டியலில் இன்னும் சில ஓ.பன்னீர்செல்வங்கள் இருந்தார்கள். அவர் தோற்றது ஒன்றரை லட்சம் வாக்குகளுக்கும் மேல் என்பதால் பழியைப் பெயர்கள்மேல் போட வழியில்லை. இத்தகைய குழப்பத்துக்கு மருந்தாகத்தான் 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படமும் ஏறியது. மறு ஆண்டே, 2016 கேரள சட்டமன்றத் தேர்தலில், மஞ்சேஸ்வரம் தொகுதியில் பா.ஜ.க.வின் கே.சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். காதுக்கு ஏறக்குறைய அதே பெயராக ஒலிக்கும் இன்னொரு வேட்பாளருக்கு 467 வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றில் எத்தனை தெரிந்தே போட்டவை, எத்தனை கண் தவறிப் போட்டவை என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணிக்கை மேசையாலும் முடியாது. கண்ட்ரோல் யூனிட் குறித்து வைத்திருப்பது வரிசை எண்களை மட்டும்.