ரவிவர்மாவும் சென்னையும்

வடபழனி ஆண்டவர் கோயில் தோன்றிய வரலாற்றை அப்பகுதி ஜனங்கள் நன்கறிவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அண்ணாசாமித் தம்பிரான் என்னும் பக்தர் அங்கே கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு வழிபட்டது சிலையையன்று, பழநியாண்டவரின் சித்திரத்தையே என்பர். ஏறக்குறைய அதே காலத்தில், 1894-இல், ராஜா ரவிவர்மா பம்பாயில் வர்ண அச்சுக்கூடம் ஒன்றை நிறுவித் தெய்வ உருவங்களை வீடுதோறும் சேர்ப்பிக்கத் தொடங்கினார். கோயில் வாசலில் படம் விற்கும் கடைகளில் இன்றும் தாமரைமேல் நிற்கும் லக்ஷ்மியும், வீணையேந்திய சரஸ்வதியும் பெரும்பாலும் அவர் வகுத்த சாயலிலேயே காணப்படுகின்றனர்.

ஆயினும் ரவிவர்மாவை நம்மவரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பார்த்ததெல்லாம் அச்சுப் படங்களையே. கல்லச்சில் ஏறிய வர்ணத்திற்கும், அவர் கையால் துணியில் தீட்டிய தைலவர்ணத்திற்கும் உள்ள தூரம், இசைத்தட்டுக்கும் நேரில் கேட்கும் கச்சேரிக்கும் உள்ள தூரத்தினும் பெரிது.

அவரைப் பற்றிய விவாதமோ நூறாண்டுகளுக்கு மேல் நடந்து வருகிறது. ஆனந்த குமாரசாமி அவருடைய புராணப் படங்களில் நாடகத்தன்மை மிகுந்து பாரத உணர்ச்சி குறைந்துள்ளதென்று கண்டித்தார். பாரதியாரோ 1906-இல் ரவிவர்மா மறைந்தபோது இரங்கற்பா பாடினார். இருவரும் தேசப்பற்றில் ஒருவர்க்கொருவர் இளைத்தவரல்லர். புராணப் படங்களைப் பொறுத்தவரை குமாரசாமியின் ஆட்சேபத்தில் சாரமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் உள்ள சங்கீதப் பெண்களின் படத்தை என்னவென்பது? பல பிரதேசங்களின் உடையும் அணியும் பூண்ட பதினொரு பெண்கள் ஒரே சபையில் வாத்தியங்களோடு கூடியிருக்கின்றனர். 1889-ஐ ஒட்டித் தீட்டப்பட்டது அது. காங்கிரஸ் மகாசபை பிறந்து அப்போது நான்கே வருஷங்கள். மேடையில் நம் தலைவர்கள் சொல்லத் தொடங்கியிருந்ததை அவர் திரைத்துணியில் தீட்டிவிட்டார். தைலவர்ணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதற்காக அதை அந்நியமென்று தள்ளுவோமானால், இப்பத்திரிகையை அச்சிடும் யந்திரத்தையும் தள்ளவேண்டியதுதான்.

1893-இல் சிகாகோ சர்வதேசப் பொருட்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்துப் படங்கள் சென்று பரிசு பெற்றன. அதே பொருட்காட்சியில் சுவீடன் தேசத்துச் சித்திரப் பகுதியை நடத்தியவர் ஆண்டர்ஸ் சோர்ன் என்ற புகழ்பெற்ற ஓவியர். 1920-இல் அவர் காலமானபோது தம் உடைமைகளைத் தேசத்துக்கே விட்டுச் சென்றார். 1939-இல் மோரா என்னும் அவரது ஊரில் அவருக்கெனவே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. அவருடைய படங்களைத் திரட்டி வெளிநாடுகளிலும் காட்டியிருக்கின்றனர். சுவீடனின் ஜனத்தொகையோ நம் சென்னைப் பெருநகரத்தின் ஜனத்தொகைக்கு மேற்பட்டதன்று!

நம் தேசத்தில் 1993-இல் டில்லி தேசிய அருங்காட்சியகம் ரவிவர்மாவின் படங்களை ஒருங்கே திரட்டிப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஏ. ராமச்சந்திரனும் ரூபிகா சாவ்லாவும் அதை அமைத்தனர். அத்தகைய காரியத்தைக் கோர டில்லியினும் சென்னைக்கே உரிமை அதிகம். 1870-களில் சென்னைக் கண்காட்சிகளில் பெற்ற பரிசுகளே அவர் புகழுக்கு வாசலாயின. கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தை விலைக்கு வாங்கியவர் சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் கோமகன்.

1979 முதல் அவருடைய படைப்புகள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டு, ஏற்றுமதி தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே திருவனந்தபுரத்திலும் மைசூரிலும் பரோடாவிலும் உள்ளவற்றை இரவல் கேட்பது ஆகாத காரியமன்று. எழும்பூரிலும் சில உள்ளன. ஆனால் அங்கே 1909-இல் திறக்கப்பட்ட விக்டோரியா மண்டபம் பழுதுற்றுப் பல வருஷங்கள் பூட்டிக்கிடந்ததை நாம் மறக்கவில்லை. பாமர ஜனங்கள் அக்காட்சிசாலைக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயரிட்டது அங்குள்ள பாடம் செய்த மிருகங்களைக் கண்டு. சித்திரங்களுக்கும் அப்பெயர் பொருந்தலாகாது.

ராஜ்ய சர்க்கார் கேரள, கர்நாடக, குஜராத் சர்க்கார்களுக்கும், அரண்மனைப் பொறுப்பாளர்களுக்கும் இப்பொழுதே எழுதட்டும். பழைய துணிகளைக் கொண்டுவருவதற்கு நிபுணர் மேற்பார்வையும் காப்புறுதியும் அவசியம். அச்செலவுக்குச் சென்னையின் தனவந்தர்களை அணுகலாம். விளக்கச் சீட்டுகள் தமிழில் இருக்கவேண்டும். வாரத்தில் ஒருநாளேனும் கட்டணமின்றிக் கதவு திறக்கவேண்டும். வடபழனியில் சாமிப்படம் விற்பவரும் வந்து பார்க்கட்டும்.