தங்கிய வீட்டிலிருந்து வரும் பொய்யான சேதக் கணக்கு: மறுப்பது எப்படி?

வெளியூர்க் கொள்முதலுக்குப் போகும் நம் உறுப்பினர்கள் முன்பெல்லாம் லாட்ஜில்தான் தங்குவார்கள். இப்போது நாலு பேர் சேர்ந்து போனால், சமையலறையோடு கூடிய ஒரு வீட்டையே நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்வது பழக்கமாகி வருகிறது. கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து பணத்தைக் கட்டினால், வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமலே சாவி கைக்கு வந்துவிடுகிறது. செலவும் குறைவு, சாப்பாடும் நம் கைப்பக்குவம். வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் லாட்ஜில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. காலி செய்யும்போது ரூம் பாய் வந்து அறையைப் பார்ப்பார். கவுண்டரில் கணக்கு முடித்து ரசீது தருவார்கள். அத்தோடு தீர்ந்தது. வாடகை வீட்டில் அப்படி இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஊர் திரும்பிய பிறகு, “மேஜை உடைந்தது, சோபா பாழானது, இவ்வளவு தொகை கட்டவும்” என்று கணக்கு வருகிறது. அது உண்மையாக இருந்தால் கட்டத்தான் வேண்டும். பொய்யாக இருந்தால் எப்படி மறுப்பது? இதை என் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது

2024 ஆகஸ்டில் தீபாவளிக் கொள்முதலுக்காக நாங்கள் நாலு ஜவுளி வியாபாரிகள் சூரத் போயிருந்தோம். ஐந்து நாட்களுக்கு ஒரு வீடு. பதிவு என் பெயரில், அடையாள அட்டையும் என்னுடையது. ஆறாம் நாள் விடியற்காலையில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு நவஜீவன் ரயிலைப் பிடித்தோம்.

மதுரை வந்து மூன்றாம் நாள் செய்தி வந்தது. சாப்பாட்டு மேஜையின் கண்ணாடியில் விரிசல், ரூ. 26,000. சோபாவில் கறை, ரூ. 9,000. கூடுதல் துப்புரவு, ரூ. 3,500. ஆக மொத்தம் ரூ. 38,500. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கூடவே விரிசல் விழுந்த மேஜையின் படம் ஒன்று.

எங்களில் இளையவர், “போனால் போகட்டும் அண்ணாச்சி, ஆளுக்குப் பத்தாயிரம்கூட வரலையே. கொடுத்துத் தொலைச்சிட்டு யாவாரத்தைப் பார்ப்போம்” என்றார். இன்னொருவர், “எதையுமே ஒத்துக்கிடாதீங்க, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிருங்க” என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் மேஜையை நாங்கள் தொட்டுக்கூட உடைக்கவில்லை. ஆனால் சோபாவில் டீயைக் கொட்டியது உண்மை. கொட்டியது என் கைதான்.

லாரி சரக்கில் நாம் கற்ற பாடம்

இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தபோது, நம் தொழிலிலேயே விடை இருந்தது. லாரியில் பேல் வந்து இறங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? எண்ணிப் பார்க்கிறோம். நனைந்தது, கிழிந்தது இருந்தால் டெலிவரி ரசீதிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குகிறோம். ஒன்றும் எழுதாமல் வாங்கிவிட்டு ஒரு வாரம் கழித்து “நனைந்திருந்தது” என்றால் லாரி ஆபீஸில் யார் கேட்பார்கள்? குறை சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

அதே விதி வீட்டுக்காரருக்கும் உண்டு. இழப்பு ஏற்பட்டது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில் இருந்த இந்தக் கொள்கை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 104-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே பொய்க் கணக்கு வந்ததும் நாம் குற்றவாளி போலக் கலங்க வேண்டியதில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஒன்று: நாம் போகும் முன் பொருள் நன்றாக இருந்ததா? அதற்கு என்ன சான்று? முந்தைய விருந்தினர் காலி செய்த பிறகு எடுத்த, தேதி உள்ள படத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு: நாம் இருந்த நாட்களில்தான் சேதமானதா? நாம் காலி செய்ததற்கும் படம் எடுத்ததற்கும் இடையில் வேறு யாராவது வந்து தங்கினார்களா?

மூன்று: தொகைக்கு என்ன ஆதாரம்? வெறும் மதிப்பீட்டுச் சீட்டு பில் ஆகாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருளை வாங்கிய பில்லும், பழுது பார்த்த பில்லும் வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. கடை ஓர் ஊரில், எண் வேறு மாநிலத்தில் என்றால் விசாரிக்க வேண்டியதுதான்.

நான்கு: கேட்பது இழப்பா, லாபமா? ஆறு வருடம் உழைத்த மேஜையின் கண்ணாடிக்குப் புது மேஜையின் விலையைக் கேட்பது நியாயமில்லை. பொருளின் அன்றைய மதிப்பையோ, பழுது பார்க்கும் செலவையோதான் கேட்கலாம். புழக்கத்தில் வரும் சாதாரணத் தேய்மானம் சேதமே அல்ல.

நாட்காட்டி சொன்ன உண்மை

நாங்கள் வீட்டில் நுழைந்த அன்று, என் மனைவிக்குக் காட்டுவதற்காக மூன்று படங்கள் எடுத்திருந்தேன். முன்யோசனை ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஒன்றில் சாப்பாட்டு மேஜை, அதன்மேல் எங்கள் டிபன் பொட்டலங்கள். கண்ணாடி முழுசாக இருந்தது. பின்சுவரில் ஒரு குஜராத்தி மாத நாட்காட்டி.

வீட்டுக்காரர் அனுப்பிய படத்திலும் அதே நாட்காட்டி இருந்தது. எழுத்து எனக்குப் புரியவில்லை. சூரத்தில் உள்ள எங்கள் ஏஜெண்டுக்கு இரண்டு படங்களையும் அனுப்பிக் கேட்டேன். என் படத்தில் ஆகஸ்டுத் தாள். அவர் படத்தில் ஜூன் தாள்! நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பே எடுத்த படத்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். அந்த விரிசலுக்கு ஏற்கெனவே யாரிடம் வசூலித்தாரோ, யாமறியோம்.

பதிலைச் செயலியிலேயே எழுத்தில் அனுப்பினோம். கோபமான வார்த்தை ஒன்றும் போடவில்லை. மேஜைக்கு இரண்டு படங்களையும் இணைத்து, மாத வித்தியாசத்தைக் குறித்தோம். துப்புரவுக் கட்டணம் பதிவின்போதே பில்லில் வாங்கப்பட்டுவிட்டதைக் காட்டினோம். சோபாவில் டீ கொட்டியதை ஒப்புக்கொண்டு, சூரத்திலேயே சோபா கழுவ ரூ. 1,200 ஆகும் என்று ஏஜெண்டு விசாரித்துச் சொன்ன தொகையைத் தருவதாக எழுதினோம். ஆறு நாளில் முடிவு வந்தது. மேஜைக்கும் துப்புரவுக்கும் ஒன்றும் கிடையாது. சோபாவுக்கு ரூ. 1,200 மட்டும் கட்டினோம்.

டீ விஷயத்தை மறைத்திருந்தால் எங்கள் மற்ற பேச்சும் எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன். உள்ளதை ஒப்புக்கொண்டவன் இல்லாததை மறுத்தால்தான் அதற்கு மதிப்பு.

படத்தையும் நம்ப முடியாத காலம்

இப்போது கணினி கொண்டு இல்லாத விரிசலையும் படத்தில் உண்டாக்கிவிடலாம். 2025-இல் பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. லண்டனைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஏர்பிஎன்பி மூலம் நியூயார்க்கில் ஒரு வீட்டில் தங்கி, குறித்த காலத்துக்கு முன்பே காலி செய்தார். அவர் 12,000 பவுனுக்கு மேல் சேதம் செய்ததாக வீட்டுக்காரர் படங்களுடன் புகார் கொடுத்தார். நிறுவனமும் முதலில் அதை நம்பி, 5,000 பவுனுக்கு மேல் கட்டச் சொன்னது. அந்தப் பெண்மணி படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே மேஜையின் விரிசல் இரண்டு படங்களில் இரண்டு விதமாக இருந்தது. விடாமல் மேல்முறையீடு செய்தார். பத்திரிகையும் கேள்வி கேட்ட பிறகு, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அவர் கட்டிய வாடகை முழுவதையும் திருப்பித் தந்தது.

இதில் நமக்குள்ள பாடம்: முதல் முடிவு நமக்கு எதிராக வந்தாலும் அதுவே கடைசி முடிவல்ல. ஒரே பொருளுக்கு வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள். கோணம் மாறினாலும் விரிசல் மாறக் கூடாது அல்லவா?

கெடுவைத் தவற விடாதீர்கள்

ஒவ்வொரு செயலிக்கும் விதி வேறு. ஏர்பிஎன்பியில் விருந்தினர் காலி செய்த 14 நாட்களுக்குள் வீட்டுக்காரர் சேதக் கணக்கைக் கொடுக்க வேண்டும். விருந்தினர் பதில் சொல்ல 24 மணி நேரம். அது கடந்தால் வீட்டுக்காரர் நிறுவனத்தைத் தலையிடச் சொல்லலாம். கடைப் பரபரப்பில் செய்தியைப் பார்க்காமல் விட்டால் நம் தரப்பைச் சொல்லாமலே காரியம் நகர்ந்துவிடும். ஆகவே ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரம் செயலியைத் தினமும் திறந்து பாருங்கள். போனில் பேசி முடிக்கச் சொன்னாலோ, தனியாக யு.பி.ஐ.யில் அனுப்பச் சொன்னாலோ இணங்க வேண்டாம். எல்லாம் செயலிக்குள் எழுத்தில் இருக்கட்டும்.

சட்டத்தின் துணை

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலால் உண்டான இழப்புக்கே ஈடு என்கிறது. 74-ஆம் பிரிவின்படி, “கண்ணாடி உடைந்தால் ரூ. 25,000 அபராதம்” என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும் நியாயமான ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் இழப்பே ஏற்படாத இடத்தில் முன்பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பதை 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

இந்தியாவில் இயங்கும் செயலி நிறுவனம், 2020-ஆம் வருட மின்வணிக விதிகளின்படி குறைதீர்க்கும் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். சூரத்துக்கு அலைய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கடைப் பெயரில் பதிவு செய்து கொள்முதலுக்குப் போயிருந்தால், “இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அப்படியானால் வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது.

பத்து நிமிட வேலை

இவ்வளவு தொல்லையும் வராமல் இருக்க, நுழையும்போது ஐந்து நிமிடம், கிளம்பும்போது ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். பெட்டியை இறக்கும் முன்பே எல்லா அறைகளையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கண்ணாடி, டி.வி., சோபா, மெத்தை, குளியலறைக் குழாய் இவற்றைக் கிட்டத்தில் காட்டுங்கள். பழைய விரிசல், கறை இருந்தால் அன்றே வீட்டுக்காரருக்குச் செயலியில் படத்துடன் தெரிவியுங்கள். இதுதான் நம் ‘டெலிவரி குறிப்பு’. கிளம்பும்போது அதே வரிசையில் இன்னொரு வீடியோ, கடைசியில் சாவியைப் பெட்டியில் போடுவதுவரை. நாங்கள் ரயில் அவசரத்தில் இதைச் செய்யவில்லை. நாட்காட்டி மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதனுள் பதிவாகும் தேதி, நேர விவரம் போய்விடும். மூலப் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள். வழக்கு என்று போனால், மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள்.

தொகை சிறியதுதானே என்று கட்டிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் நம்மிடம் பலித்த பொய் நாளை வேறொரு ஊர் வியாபாரியிடம் போகும். நம் கடையில் ஒருவர் பொய்யாகச் சரக்கில் குறை சொன்னால் பில்லை எடுத்து வைத்துப் பேசுகிறோம். வெளியூரிலும் அந்தப் பழக்கத்தை விடாதிருப்போம்.