தொட்டுப் பேசும் மொழி

உயிர்களை அவற்றின் அறிவுக்கேற்ப வகுத்துக் காட்டும் தொல்காப்பியம், தொடுதலால் மட்டும் அறிவதை ஓரறிவு என்கிறது. அதனோடு சுவை சேர்வதை இரண்டறிவு என்றும், மோப்பமும் சேர்வதை மூன்றறிவு என்றும் படிப்படியாக எண்ணிச் செல்கிறது. கண் நான்காவது, செவி ஐந்தாவது, மனம் ஆறாவது. இவ்வரிசையில் நான்காவதும் ஐந்தாவதும் ஒருங்கே இல்லாது போன ஒருவருக்கு முதல் மூன்றும் உள. ஆறாவதும் குறைவின்றி உளது. ஆயின் அந்த மனத்துக்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்து நிகழும் வாயில் யாது? எஞ்சி நிற்பது முதலாவது அறிவாகிய தொடுதலே.

கண்ணிழப்பையும் செவியிழப்பையும் தனித்தனியே அறிந்தவர்கள், இவ்விரண்டையும் கூட்டினால் வருவதே இருபுலன் இழப்பு என்று எண்ணிவிடுவர். கணக்கு அவ்வளவு எளிதன்று. விழிப்புலன் இழந்தவர் செவியைக் கொண்டு உலகை அளக்கிறார். வீதியில் வண்டி வரும் ஓசையும் வாசலில் நிற்பவரின் குரலும் அவருக்குப் போதும். செவிப்புலன் இழந்தவர் உதட்டசைவையும் கைச்சைகையையும் முகக்குறிப்பையும் கண்ணால் வாங்கிக்கொள்கிறார். ஒன்று போனால் மற்றது தாங்குகிறது. இரண்டும் தளரும்போது தாங்குவதற்கு எதுவும் இல்லை. எனினும், முழு இருளிலும் முழு மௌனத்திலும் வாழ்வோர் சிலரே. சிறிது ஒளியும் சிறிது ஒலியும் எஞ்சியவர்களே மிகப் பலர். 2001ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் தோன்றிய இருபுலன் இழந்தோரின் உலகக் கூட்டமைப்பு, 2018இல் வெளியிட்ட அறிக்கையில், மக்களுள் 0.2 முதல் 2 விழுக்காட்டினர் இந்நிலையில் உள்ளனர் என மதிப்பிட்டது.

இது நேரும் வழிகள் பல. கருவுற்ற தாய்க்கு றுபெல்லா எனும் ஜேர்மன் சின்னமுத்து கண்டால், பிறக்கும் குழந்தையின் கண்ணும் செவியும் இதயமும் பழுதுறக் கூடும். இதனை முதலில் உய்த்துணரத் தொடங்கியவர் சிட்னி நகரக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக்; ஆண்டு 1941. தடுப்பூசியின் பயனால் 2020இல் இலங்கை இந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இன்னொரு வழி பரம்பரையால் வருவது. அஷர் நோய்க்கூறு எனும் இதில், பிறவியிலேயே செவி மந்தமான பிள்ளைக்கு வளர்ந்தபின் கண்ணும் சுருங்குகிறது. முதலில் இரவில் தடுமாற்றம். பின்னர் பக்கப் பார்வை போய், குழாய்வழியே பார்ப்பதுபோல் நடுப்பார்வை மட்டும் நிற்கும். தாய் தந்தை இருவரும் நோய்க்கூற்றைத் தம்முள் மறைவாகச் சுமந்திருந்தால் பிள்ளைக்கு அது வெளிப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய பொருத்தம் நேர்வது சற்று எளிது. காது கேளாத பிள்ளை அந்தியில் வாசற்படியில் இடறினால், மாலைக்கண் என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மூன்றாவது வழி யாவரும் அறிந்தது, முதுமை.

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கரையோர வீதியில், அக்கரைப்பற்றை ஒட்டி அமைந்தது ஆலையடிவேம்பு. இப்பகுதியில் மகள் வீட்டிலே பெற்றோர் தம் முதுமையைக் கழிப்பது தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் உள்ள வழக்கம். ஆதலின், கண்ணும் செவியும் மங்கிய மூதாட்டிக்கு உணவோ உடையோ குறைவதில்லை. வேளைக்குச் சோறு வருகிறது. குளிக்க நீர் வைக்கப்படுகிறது. குறைவது செய்தி. பேத்திக்குக் கலியாணம் பேசுகிறார்கள்; வயலில் சூடடித்து முடிகிறது; அடுத்த வளவில் ஒருவர் இறந்துபோகிறார். எல்லாம் அவர் தலைக்கு மேலாகவே பேசப்பட்டுக் கடந்து போகின்றன. கலியாண வீட்டில் அவரை ஒரு கதிரையில் இருத்துகிறார்கள். வருவோர் மகளைப் பார்த்து, “அம்மம்மா சாப்பிட்டாவா?” என்று கேட்கிறார்கள். மகளே விடையும் சொல்கிறாள். அம்மம்மாவிடம் அக்கேள்வி போய்ச் சேர்வதில்லை. அடுத்த ஊரில் மூத்தம்மாவின் நிலையும் இதுவே. வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்கிறது. அதன் அருகே அமர்ந்திருப்பவருக்கு அது சுவரோடு சுவராக இருக்கிறது. அன்பில்லாத வீடு என்று இதைச் சொல்வது அநியாயம். சொல்லும் வழியை எவரும் அந்த வீட்டுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை, அவ்வளவே.

அவ்வழியை ஒரு வீட்டுச் சமையலறையிலேயே கண்டுபிடித்த தாய் ஒருவர் உண்டு. யப்பானில் 1962இல் பிறந்த புகுஷிமா சதோஷி ஒன்பதாவது வயதில் பார்வையை முற்றாக இழந்தார். பதினெட்டாவது வயதில் செவியும் போயிற்று. புள்ளி எழுத்தாகிய பிரெயிலை அவர் முன்பே கற்றிருந்தார். பிரெயில் தட்டெழுத்துப் பொறியில் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள். இடக்கையின் மூன்று விரல்களும் வலக்கையின் மூன்று விரல்களும் அவற்றை அழுத்தும். 1981இல் ஒருநாள், பொறி கையருகே இல்லாத வேளையில், தாய் ரெய்கோ மகனின் விரல்களையே விசைகளாகக் கருதி அவற்றின்மேல் தட்டினார். மகனுக்கு விளங்கிற்று. பேச்சு, பேசப்படும் அதே கணத்தில், மீண்டும் அவரிடம் வந்து சேர்ந்தது. 1983இல் அவர் யப்பானில் பல்கலைக்கழகம் புகுந்த முதல் இருபுலன் இழந்த மாணவரானார். 2008இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருக்குக் கண்ணும் செவியும் திரும்பவில்லை. திரும்பியது உரையாடல்.

இம்முறை தமிழுக்கும் பொருந்தும். இந்திய மொழிகளுக்கென 1951இல் ஒழுங்குசெய்யப்பட்ட பாரதி பிரெயிலில் அகரம் ஒரே புள்ளி. இடக்கைச் சுட்டுவிரலில் ஒரு தட்டு. ககரம் முதலாம் மூன்றாம் புள்ளிகள். அதே கையின் சுட்டுவிரலும் மோதிரவிரலும். பழகியவர் சாதாரணப் பேச்சின் வேகத்தோடு ஓடுவர்.

பிரெயில் அறியாதவருக்கு இன்னும் எளிய வழி, உள்ளங்கையில் எழுதுதல். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பதை அறியாதார் யார்? அதே விரல், அதே எழுத்து. தட்டத்துக்குப் பதில் உள்ளங்கை. எழுத்துக்களை வரிசையாக எழுதாது ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் எழுதுவதும், சொல் முடிந்ததும் சற்று நிறுத்துவதும், பிழைத்தால் கையால் துடைத்து அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவதும் இதன் இலக்கணம். ஒஸ்திரியக் கவிஞர் ஹீரோனிமுஸ் லோர்ம், தாமே செவியும் கண்ணும் இழந்து, 1881இல் உள்ளங்கையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்தென வகுத்துக்கொண்டார். ஜேர்மன் மொழி பேசுவோரிடையே அம்முறை இன்றும் வழங்குகிறது. எழுத்தே அறியாத முதியவரெனில் பொருள்களே மொழியாகும்: துவாயைக் கையில் வைத்தால் குளிப்பு, மகளின் காப்பைத் தொடுவித்தால் மகள், வயலிலிருந்து கொணர்ந்த நெற்கதிர் ஒன்றை விரல்களுக்கிடையே வைத்தால் அறுவடை.

ஊரின் பொது நிகழ்ச்சிகளுள் சில இவர்களுக்கு முன்பே இடம் வைத்திருக்கின்றன என்பது கவனிக்கத் தக்கது. பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர நிற்கும் வரிசையில், அருகிருப்பவர் குனிவதும் நிமிர்வதும் உடலாலேயே தெரியும்; இரு கையாலும் கை பற்றும் முசாபஹாவுக்குக் கண் வேண்டுவதில்லை. கோவிலில் பறையொலி நெஞ்சில் அதிர்கிறது. கற்பூரத்தின் வெம்மை முகத்தில் படுகிறது. திருநீறு கையில் விழுகிறது. ஆனால், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே எல்லாம் பேச்சும் கடதாசியும். யார் பேசுகிறார், என்ன பேசுகிறார், சபையில் சிரிப்பா சினமா என்பதைக் கையில் சொல்லிக்கொண்டே அருகிருக்கும் ஒருவர் இருந்தாலன்றி, இருபுலன் இழந்தவர் கூட்டத்துக்கு வந்தும் வராதவரே. வேறு சில நாடுகளில் இவ்வாறு உடனிருந்து வழிகாட்டிச் சொல்பவருக்கு அது பயிற்சியும் ஊதியமும் உள்ள தொழில். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் தொழிலிலும் பொது இடங்களிலும் வேற்றுமை காட்டலாகாது என்று கூறுகிறது. வாசற்கதவைத் திறப்பது சட்டம். உள்ளே நடப்பதைச் சொல்வதற்கு ஒரு கை வேண்டும்.

கல்வியின் கதை நீண்டது. பொஸ்ரன் நகரப் பேர்க்கின்ஸ் பள்ளியில் 1837இல் சேர்ந்த லோறா பிறிட்ச்மன் என்ற சிறுமிக்குக் கரண்டியிலும் சாவியிலும் மேடெழுத்துச் சீட்டுக்களை ஒட்டிச் சொல் கற்பித்தனர். ஹெலன் கெல்லரின் புகழை விரிக்க வேண்டுவதில்லை. 1904இல் பட்டம் பெற்ற அவர் 1955இல் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அவர் பெயரால் மும்பாயில் 1977இல் பெரோஸ் வாச்சா ஒரு பள்ளியைத் தொடங்கினார். இலங்கையில் 1912இலேயே மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவினார்.

இவை யாவினும் அவசரமான ஒன்று கடலையடுத்த ஊர்களுக்கு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000க்கும் மேல். ஓடும் சனத்தைக் கண்டும், கூச்சலைக் கேட்டும் பலர் தப்பினர். இரண்டும் எட்டாதவருக்கு? பின்னர் கரையோரத்தில் நிறுவப்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்களும் ஒலியால் எச்சரிப்பனவே. இருபுலன் இழந்தோரிடையே மேல்நாடுகளில் வழங்கும் குறி ஒன்று உண்டு: முதுகில் விரலால் பெரிய பெருக்கல் அடையாளம் ஒன்றைக் கீறுதல். அதன் பொருள், “ஆபத்து, இப்போது கேள்வி வேண்டாம், உடனே என்னோடு வா” என்பது. இரண்டு கோடுகள், ஒரு நொடி வேலை. ஆனால் முன்னரே சொல்லிவைத்துப் பழக்கியிருக்க வேண்டும். வீட்டார் மட்டும் அறிந்தால் போதாது. அவர்கள் வயலுக்கோ சந்தைக்கோ போயிருக்கும் வேளையில் ஓடிவரக் கூடியவர் அடுத்த வளவுப் பிள்ளையே ஆதலால், அப்பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

அன்றாடப் பழக்கத்துக்கு வேண்டுவன சிலவே. நெருங்கும்போது திடீரெனப் பற்றாமல், தோளிலோ மேற்கையிலோ மெல்லத் தொட்டு நிறுத்துவது முதலாவது. தாம் இன்னார் என்று ஒவ்வொரு முறையும் ஒரே குறியால் தெரிவிப்பது இரண்டாவது. நடக்கையில் பின்னின்று தள்ளாமல், அவரைத் தம் கையைப் பற்றச் செய்து அரையடி முன்னே செல்வதும் அவ்வாறே. பலரும் மறப்பது இறுதியில் செய்ய வேண்டியதைத்தான். விடைபெறும்போது, “போய்வருகிறேன்” என்று சொல்லாமல் எழுவதைத் தமிழ் வீடுகள் பொறுப்பதில்லை. இருபுலன் இழந்தவரிடம் அதனைக் கையில் சொல்லாது எழுந்து போனால், போனவர் வீதியை அடைந்த பின்னும் அவர் வெறுங்கதிரையோடு பேசிக்கொண்டிருப்பார்.