சக்கரம் சாய்க்கும் அடுக்குகள்

சாலாக் செலாத்தான் கம்யூட்டர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தண்டவாளத்தைக் கவனியுங்கள். பக்கமெல்லாம் துருப்பழுப்பு, தலையில் மட்டும் பளபளவென்று ஒரு வெள்ளிக்கோடு. சில டன் பாரத்தோடு வரும் சக்கரம் அந்தக் கோட்டைத் தொடும் இடம் பத்து சென் காசைவிடப் பெரிதில்லை.

எஃகு தாங்கக்கூடிய பாரம்தான் அது. ஆனால் அதே பாரம் லட்சக்கணக்கான முறை வந்துபோனால் விரிசல் விடும். இதுவே உலோகச் சோர்வு. 1842இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு இப்படிச் சோர்ந்து முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதிர்ந்து அதிர்ந்து இரும்பு படிகமாகிவிட்டது என்று பலர் நம்பினார்கள். இரும்பு பிறவியிலேயே படிகம்தான்!

தண்டவாள எஃகில் கரி சுமார் 0.7 முதல் 0.8 சதவீதம். ஒரு துண்டை மெருகேற்றி, அமிலம் தடவி, சக்திவாய்ந்த நுண்ணோக்கியில் வைத்தால் நம்மூர் அடுக்குப் பலகாரமான குவே லாப்பீஸ்தான் தெரியும்: மென்மையான இரும்பு ஓர் அடுக்கு, கடினமான இரும்புக் கார்பைடு ஓர் அடுக்கு. முத்துச்சிப்பி போல மினுங்குவதால் பெர்லைட் என்று பெயர். அடுக்கு மெலிய மெலிய எஃகு வலுக்கும்.

எஃகுத் தந்தியும் இதே பெர்லைட்தான். சிறுதுளை வழியே திரும்பத் திரும்ப இழுக்கும்போது அடுக்குகள் நீளவாக்கில் படிகின்றன. குறுக்கே வரும் விரிசல் அடுக்கடுக்காக வெட்டித்தான் முன்னேற முடியும்.

தண்டவாளத்தில் கதை வேறு. ஒவ்வொரு சக்கரமும் மேல்தோலைத் துளித்துளியாகத் தள்ள, அடுக்குகள் காற்றில் சாய்ந்த நாற்றுபோல் படுத்துவிடுகின்றன. தோல் கெட்டிப்படுவது உண்மை. ஆனால் படுத்த அடுக்குகளின் போக்கிலேயே விரிசலும் சாய்வாக நுழைகிறது. சில விரிசல்கள் பிறகு கீழ்நோக்கித் திரும்பும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் அப்படித்தான் தண்டவாளம் சிதறி நால்வர் உயிரிழந்தனர்.

இதற்கு மருந்து, விரிசல் ஆழமாகும் முன்பே மேல்தோலை மெல்லச் சீவி அரைத்து எடுப்பது. ஓரளவு தேய்மானமும் இளம் விரிசல்களைத் தின்றுவிடும். ஆகவே தேயாத தண்டவாளம் என்று யாராவது பெருமையடித்தால், விரிசலை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.