பழைய பெட்டி வாங்கலாம், பழைய அடை வேண்டாம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக மலையேறினால், ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளோடு தேனீ வளர்க்கும் ஆசையும் கூடவே ஏறும். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை வரை ஏலம். ஏலப்பூ விடியற்காலையில் மலரும், ஒரு நாள்தான் நிற்கும். மகரந்தம் தானாகச் சூல்முடியில் போய் ஒட்டாது, தேனீ வந்து தொட்டால்தான் காய் பிடிக்கும். அதனால் தோட்டக்காரருக்குத் தேனீ வேண்டும், தேனீ வளர்ப்பவருக்குப் பூ வேண்டும். இடையில் தடையாக நிற்பது முதல் செலவு. புதுப் பெட்டி, தேனீக் குடும்பம், புகைப்போடி, முகவலை, தேன் எடுக்கும் எந்திரம் என்று கூட்டிப் பார்த்ததும் பலர் பழைய சாமான் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

தென் தமிழகத்தில் பழைய தேன்பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயை, அதாவது இந்தியத் தேனீயை, வாரிக்கொண்டு போனது. மார்த்தாண்டம் பக்கம் தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பெட்டிகளைப் பரணில் ஏற்றின. நோய் இன்றும் முற்றிலும் போய்விடவில்லை. அது தாக்கிய கூட்டை அடையாளம் காண்பது கடினமில்லை. மூடியிருக்க வேண்டிய அறை பாதி திறந்து கிடக்கும். உள்ளே புழு தலையை மேலே தூக்கி, நீட்டிய வாக்கில் செத்திருக்கும். ஊசிமுனையால் மெல்ல எடுத்தால் நீர் நிறைந்த சின்னப் பைபோல முழுதாக வெளியே வரும். காய்ந்துவிட்டால் ஓடம்போல் வளைந்த கறுப்புச் செதிலாகிவிடும். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அடை உங்களுக்கு வேண்டாம்.

மரம் வேறு, அடை வேறு. காலிப் பெட்டியைச் சுரண்டி, சோடா உப்புப் போட்ட கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்பக்கத்தை ஊதுவிளக்கால் லேசாகப் பழுப்பேறும்வரை தீய்த்தால் பெரும்பாலான வினை தீரும். பழைய அடையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. மெழுகு அந்துப்பூச்சி முட்டை, நோய்ப் புழு, பழைய மருந்து எச்சம் எல்லாம் அதில்தான் தங்கும். உருக்கி மெழுகாக்குங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள். இத்தாலியத் தேனீ வளர்த்த பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். அந்தக் கூட்டின் புழு மக்கி, தீக்குச்சியால் தொட்டு இழுத்தால் நூலாக நீளும். அந்த நோய் இருந்தது தெரிந்தால் விலையே பேச வேண்டாம். கடையில் வாங்கிய தேனைப் புதுக் கூட்டத்துக்கு ஊட்டுவதும் இதே அபாயம்தான். சர்க்கரைப் பாகு போதும்.

தேனீயோடு சேர்த்துப் பெட்டி வாங்குகிறவர்கள் ராணியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை, முட்டையைப் பார்த்தால் போதும். அறைக்கு ஒன்றாக, அடிப்பாகத்தில் அரிசி முனைபோல நிற்கும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே இன்று முட்டை இருந்தால் மூன்று நாள் முன்புவரை ராணி இருந்தது உறுதி. ஒரே அறையில் இரண்டு, மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணியில்லாத கூட்டில் வேலைக்காரத் தேனீ முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். வாங்கியதை உடனே மற்ற பெட்டிகளோடு சேர்க்காமல், சில வாரம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சொந்தமாகச் செய்வதானால் அளவுதான் எல்லாம். திருச்சியில் இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் 1911 வாக்கில் இந்தியத் தேனீக்கென்று வகுத்த சின்னப் பெட்டிதான் நம்மூரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கீழே புழு அறையில் ஏழு சட்டங்கள், மேலே தேன் அறை. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 7 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் பிசினால் ஒட்டிவிடும், கூடினால் அங்கேயே அடை கட்டிவிடும், பிறகு சட்டத்தைத் தூக்கவே முடியாது. இத்தாலியத் தேனீக்கான பெரிய பெட்டியை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி அதில் நம் தேனீயை விட்டால் இந்தத் தொல்லைதான் வரும். பலகை எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், உள்ளே வண்ணம் பூச வேண்டாம். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

முகவலையைக் கொசுவலைத் துணியில் தைத்துக்கொள்ளலாம், புகைக்குத் தகர டப்பாவில் தேங்காய் நார் போதும். தேனைத் தொடும் பாத்திரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தோட்டத்தில் மருந்து வந்த கேனையும் டிரம்மையும் எத்தனை முறை கழுவினாலும் தேனுக்கு எடுக்கக் கூடாது. துத்தநாகத் தகரமும் ஈயப் பற்று வைத்த பழைய எந்திரமும் தேனின் புளிப்பில் கரையும். எவர்சில்வர் பழையதே ஆனாலும் நல்லது. விற்கிற தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மூடாத அறையிலிருந்து அவசரமாக எடுத்த தேன் அதில் தேறாது. சின்ன அளவில் விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்.

காசில்லாமல் கூட்டம் பிடிக்கலாமே என்று காட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டில் கிடைக்கும் தேனும் மெழுகும் வனச் சட்டத்தில் வனப்பொருள். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைந்து மரப்பொந்தை வெட்டுவது குற்றம். புகை போட்டுவிட்டுத் தீயை அணைக்காமல் வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை இந்த மலை மறக்கவில்லை. அதே சமயம் பளியர், முதுவர் போன்ற மலைவாழ் மக்கள் பரம்பரையாகத் தேன் எடுப்பது திருட்டல்ல. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறுவனப் பொருளாகச் சொல்லி, சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை தருகிறது. கோரிக்கை கிராம சபையில் தொடங்கும். அங்கே மறுத்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். வழக்கு நடத்த வசதியில்லை என்றால் பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஏமாற்றம் அதிகம் நடப்பது பணம் கொடுக்கும் இடத்தில். பெட்டியை நாங்களே தருவோம், தேனை நாங்களே திரும்ப வாங்குவோம் என்று சொல்லி முன்பணம் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். எத்தனை பெட்டி, எத்தனை சட்டத்தில் தேனீ, முட்டை இருந்ததா, தேதி, கையெழுத்து என ஒரு வெள்ளைத் தாள் போதும். பணத்தை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுத்தால் அதுவும் சாட்சியாகும். விற்றவர் வியாபாரி என்றால், சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய நீங்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் முதலில் வழி கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மாமா தன் பழைய பெட்டியை ஒருமுறை விற்றார் என்றால் இந்தச் சட்டம் உதவாது, உரிமையியல் நீதிமன்றம்தான் மிச்சம். ஐந்தாறு பெட்டிக்காக யார் அங்கே நடப்பார்கள்? ஆகவே மாமாவிடம்தான் அந்தத் தாளை இன்னும் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பயிற்சி இல்லாமல் தொடங்க வேண்டாம். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தேன் திட்டத்தில் மானிய விலையில் பெட்டி கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பழையதற்கு அலைவது புத்திசாலித்தனம். கொட்டு வாங்கி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, தலை சுற்றினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், மலைப் பாதையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஏலமலையில் தேனீக்கு மிகப் பெரிய எதிரி மருந்து தெளிப்பு. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்து, காலையில் பூவிலிருக்கும் தேனீயை அப்படியே கொல்லும். பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி குவியலாகச் செத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் மருந்துதான். தேதி தெரியப் படம் எடுத்து, செத்த தேனீயில் ஒரு பிடியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வேளாண் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால் என்றால் மனு கேரளத்துக் கிருஷி பவனுக்குப் போக வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், இதில் நஷ்டஈடு கிடைப்பது அரிது. முன்கூட்டியே பேசி வைப்பதுதான் பலன் தருகிறது. பெட்டியை இறக்கும் முன்பே தோட்ட முதலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ பேசி, மருந்து அடிப்பதற்கு இரண்டு நாள் முன் போன் செய்வதாகவும், பூக்காலத்தில் மாலை வெயில் சாய்ந்த பிறகே அடிப்பதாகவும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன் வந்த நாளில் இரவோடு இரவாகப் பெட்டியின் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, காற்றோட்டம் விட்டு, வேறு சரிவுக்கு மாற்றிவிடலாம்.