பறங்கி: ஒரு பெயரின் பயணம்

இராயபுரத்தில் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலோ இந்திய மாணவன் ஒருவனைப் பக்கத்து மாணவன் ‘பறங்கிக்காய்’ என்று கேலி செய்தான். வகுப்பே சிரித்தது, அவன் தலைகுனிந்தான். பாடத்தை நிறுத்தி, அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன்.

பிரான்சு நாட்டுக்குப் பெயர் தந்த ‘ஃபிராங்க்’ இனத்தாரின் பெயரே இதன் வேர். சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயராலேயே அழைத்தனர். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’ ஆனது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் நம் கரைகளில் குடியேறிய போர்ச்சுக்கீசியரைத் தமிழர் ‘பறங்கியர்’ என்றனர். பிறகு மற்ற ஐரோப்பியருக்கும், அவர்களின் கலப்பு வழித்தோன்றல்களுக்கும் அப்பெயர் பரவியது. இகழ்ச்சியும் ஒட்டிக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தாம் பறங்கியர் அல்லர் என்றே அறிவித்தார்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் வாழ்கிறது. இலங்கையிலோ பர்கர் சமூகத்தினரைப் ‘பறங்கியர்’ என்று இழிவின்றியே குறிப்பிடுகின்றனர்.

“நான் ராயபுரம்தான் சார், போர்ச்சுகலைப் பார்த்ததுகூட இல்ல” என்றான் அந்த மாணவன். இம்முறை வகுப்பு அவனோடு சேர்ந்து சிரித்தது.

பட்டப்பெயர் எழும்போது கண்டிப்பதோடு நிறுத்தாமல், அதன் வரலாற்றை மாணவர்களையே தேடச் செய்வோம்.