குப்பைக்கு ஓர் இடம்

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து வீழ்ந்தது. வீடுகள் புதையுண்டன, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் செய்த பிழைதான் யாது? நகரத்தார் கழித்தெறிந்தவை வந்து குவிந்த இடத்தின் அருகே குடியிருந்தார்கள், அவ்வளவே.

குப்பையை எங்கே கொட்டுவது என்னும் வினாவுக்குப் பல நகரங்கள் கண்ட விடை, 'கேட்பாரற்ற பள்ளத்தில்' என்பதாகும். ஆனால், குப்பையினூடே இறங்கும் மழைநீர் நஞ்சேறி நிலத்தடி நீரிற் கலக்கின்றது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் நீர் விரைந்து இறங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணற்றை நம்பி வாழ்வோர்க்கு இதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இடந்தேர்தற்கு இன்று துணைநிற்பது புவியியல் தகவல் முறைமை. பெயர் பெரிதாயினும் கருத்து எளியது. ஒளி ஊடுருவும் தாள்கள் நான்கில் ஒரே ஊரின் படத்தை வரைவதாகக் கொள்வோம். முதலாவதில் ஆறு, குளம், கிணறுகளை அடுத்த நிலத்தைக் கறுப்பாக்குவோம். இரண்டாவதில் வெள்ளம் ஏறும் பள்ளங்களை. மூன்றாவதில் வீடுகளையும் பாடசாலைகளையும் சூழ்ந்த நிலத்தை. நான்காவதில் நீர் எளிதில் இறங்கும் மண்ணை. நான்கையும் அடுக்கி வெளிச்சத்திற் பிடித்தால், கறைபடாது எஞ்சும் நிலமே ஆராயத்தக்கது.

இயன் மக்ஹார்க் என்னும் பேராசிரியர் 1969இல் வெளியிட்ட நூலில் இவ்வாறு படங்களை அடுக்கிக் காணும் வழியை விளக்கினார். அத்தசாப்தத்திலேயே கனடாவில் ரோஜர் தொம்லின்சன் நிலப்படங்களைக் கணினியில் ஏற்றும் முறையை வகுத்தார். 1972 முதல் லாண்ட்சற் செய்மதிகள் எடுத்துவரும் படங்களோ, நகரம் எத்திசையிற் பரவுகின்றது என்பதைக் காட்டுகின்றன. இன்று வெறுநிலமாய்த் தோன்றுவது இருபது ஆண்டுகளில் குடிமனையாகலாம் அன்றோ?

எனினும், வாசகர்கள் ஒன்றை மறத்தல் ஆகாது. கிணற்றிலிருந்து எத்தனை யார் தூரம் விடவேண்டும், எதற்கு எவ்வளவு முதன்மை தரவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவர் மனிதரே. உறுதியில்லாத காணியில் நிற்கும் ஏழையின் குடிசையைக் கணக்கெடுப்போர் விட்டுவிட்டால், அது படத்திலும் இராது. படமோ அவ்விடத்தை 'வெறுநிலம்' என்றே கூறும்.

ஆதலின், வரைந்த படத்தை அலுவலகப் பெட்டியிற் பூட்டாது, அவ்வூர் மக்கள் முன் விரித்துவைத்தல் வேண்டும். விடுபட்ட கிணற்றை அங்குள்ள கிழவி ஒருத்தி விரலாற் சுட்டிக்காட்டுவாள். அவள் சொல்லையும் சேர்த்து வரைந்த படமே முழுமையான படம்.